இறைவை யந்திரங்களில் நீரழுத்தம் குறைவதன் காரணங்களும் பரிகாரங்களும்

நாஞ்சில் நாட்டு வயல்களுக்குக் கோதையாற்று நீரே ஆதாரமாயிருப்பது யாவரும் அறிந்த விஷயம். 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையிலிருந்து வரும் ஜலம் கால்வாய் வழியாகத் தானே இறங்கி மடைகளில் பாய்கிறது. அதற்கு யந்திரமும் வேண்டுவதில்லை, அழுத்தமும் வேண்டுவதில்லை. பூமியின் சரிவே போதுமானது. ஆனால் தோவாளைத் தாலுகாவின் கிழக்கெல்லையில் கணவாய்க்கு அருகிலுள்ள ஆரல்வாய்மொழியிலும் அதன் சுற்றுக் கிராமங்களிலும் கால்வாய் மட்டத்திற்கு மேற்பட்ட விளைகள் பல உள்ளன. அவற்றில் பயிராகும் பிச்சி, மல்லிகை, வாழை, தென்னை முதலியவை கிணற்று நீரையே நம்பியிருக்கின்றன. அந்நீரை இறைவை யந்திரம் உறிஞ்சி, குழாய் வழியாகத் தள்ளி, மேட்டிலுள்ள கடைசிச் செடி வரையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தள்ளும் வலிமை குறைந்தால் கிணற்றில் ஜலமிருந்தும் பயிர் வாடும்.

இவ்விதக் குறை நேர்ந்தவுடன் பெரும்பாலோர் செய்வது யாதெனில், மோட்டாரின் சக்தி போதவில்லையென்று கருதி, 3 குதிரைத்திறன் உள்ளதை எடுத்துவிட்டு 5 குதிரைத்திறன் உள்ளதை வாங்கி வைப்பதேயாகும். பல சமயங்களில் இதனால் குறை நீங்குவதில்லை. பணம் செலவாவதுடன், புதிய யந்திரம் கிணற்றை முன்னிலும் சீக்கிரமாக வற்றச் செய்து, காற்றை உறிஞ்சி நின்றுவிடுவதும் உண்டு. நோயின் மூலத்தை அறியாமல் மருந்து கொடுப்பதற்கு இது ஒப்பாகும். அழுத்தக் குறைவின் காரணத்தை வரிசைக் கிரமமாக ஆராய்ந்து காண்பது கடினமன்று. ஓர் அழுத்தமானி, ஒரு கடிகாரம், அளவு தெரிந்த ஒரு பாத்திரம் ஆகிய மூன்றும் இருந்தால் எவரும் தம் தோட்டத்திலேயே இதைச் செய்துகொள்ளலாம்.

அழுத்தத்தின் கணக்கு

ஜலம் 10 மீட்டர், அதாவது சுமார் 33 அடி உயரம் நின்றால், அதன் அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோகிராம் அழுத்தம் உண்டாகிறது. ஆகவே அழுத்தமானியில் 2 கிலோ காட்டுமாயின், அந்த இடத்திலிருந்து 20 மீட்டர் உயரத்திற்கு ஜலத்தை ஏற்றும் வலிமை இருக்கிறதென்று அறியலாம். நிலம் ஒரு மீட்டர் உயருந்தோறும் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு கிலோ குறையும்; தாழுந்தோறும் அவ்வளவே கூடும்.

உதாரணமாக, ஒரு பிச்சித் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். கிணற்றின் நீர்மட்டம் யந்திரத்திற்கு 5 மீட்டர் கீழே உள்ளது. தோட்டத்தின் மேட்டுப் பாகம் யந்திரத்திற்கு 4 மீட்டர் மேலே உள்ளது. குழாயின் உராய்வினால் 5 மீட்டரும், வடிகட்டியில் 3 மீட்டரும், வளைவுகளிலும் வால்வுகளிலும் 2 மீட்டரும் கழிகின்றன. சொட்டுவான் சரியாக வேலை செய்ய 1 கிலோ அழுத்தம், அதாவது 10 மீட்டர் வேண்டும். இவற்றைக் கூட்டினால் 29 மீட்டர் ஆகிறது. இந்தத் தோட்டத்திற்கு வேண்டிய அளவு ஜலத்தை 30 மீட்டர் மொத்த உயரத்திற்குத் தள்ளக்கூடிய யந்திரம் இருந்தால் போதும். மேற்படி இனங்களில் ஏதேனும் ஒன்று கூடினாலும், யந்திரத்தின் வலிமை குறைந்தாலும், நஷ்டம் கடைசிச் செடியின் தலையிலேயே விழும். முதல் வரிசையில் ஜலம் சொட்டிக்கொண்டிருக்கக் கடைசி வரிசை காய்வதற்குக் காரணம் இதுவே.

முதற் பரீட்சை

யந்திரத்திலிருந்து வெளியேறும் டெலிவரி குழாயில், கேட் வால்வுக்கும் யந்திரத்திற்கும் இடையே ஓர் அழுத்தமானியைப் பொருத்துக. யந்திரம் ஓடும்பொழுது அது காட்டும் எண்ணையும், தோட்டத்திற்குச் செல்லும் ஜலத்தின் அளவையும் சேர்த்துப் பார்த்தால் குறை எப்பக்கத்தில் இருக்கிறதென்று பெரும்பாலும் தெரிந்துவிடும். ஜலத்தை அளப்பதற்கு 200 லிட்டர் கொள்ளும் ஒரு பீப்பாய் போதும். அது 67 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு ஏறக்குறைய 3 லிட்டர் வருகிறதென்று கொள்ளலாம்.

1. அழுத்தமானி வழக்கத்திற்கு மேற்பட்ட அழுத்தத்தைக் காட்டி, தோட்டத்தில் ஜலம் குறைவாயிருந்தால், அழுத்தமானிக்கு அப்பால் எங்கேயோ அடைப்பு உள்ளது.

2. அழுத்தம் குறைந்து, யந்திரத்தினின்று வெளியேறும் ஜலம் மட்டும் மிகுதியாயிருந்தால், குழாய் உடைந்து கசிகிறது. அல்லது ஒரே சமயத்தில் மிகுதியான வால்வுகள் திறந்திருக்கின்றன.

3. அழுத்தமும் ஜலமும் ஒருங்கே குறைந்திருந்தால், குறை உறிஞ்சு குழாயிலோ, யந்திரத்திலோ, அதைச் சுழற்றும் சக்தியிலோ இருக்கிறது.

இதை உறுதி செய்துகொள்ள மற்றொரு பரீட்சையும் உண்டு. யந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் கேட் வால்வை முழுவதும் அடைத்து, அரை நிமிஷத்திற்குள் அழுத்தமானியைப் பார்த்துவிட்டு உடனே திறந்துவிட வேண்டும். அப்பொழுது காணும் அழுத்தத்தை மீட்டராக்கி, கிணற்று நீர்மட்டத்திலிருந்து அழுத்தமானி வரையுள்ள உயரத்தைக் கூட்டுக. வரும் தொகை, யந்திரத்தின் தகட்டில் எழுதியுள்ள மிக உயர்ந்த மீட்டர் அளவிற்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருந்தால், யந்திரத்தில் பெரிய குறையில்லை. குழாய்களை ஆராய வேண்டும். மிகவும் குறைந்திருந்தால், குழாய்களைத் தோண்டிப் பார்ப்பது வீண் வேலை. இப்பரீட்சை சுழல் பம்புகளுக்கு மட்டுமே உரியது. தண்டு மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் பம்பில் செய்தால் குழாய் வெடிக்கும். சுழல் பம்பிலுங்கூட வால்வை நீண்ட நேரம் அடைத்துவைத்தால் உள்ளேயுள்ள ஜலம் கொதித்து யந்திரம் கெட்டுப்போகும்.

யந்திரம் புதிதாக வந்த அன்றே இந்த எண்களைச் சுவரிலாவது ஒரு புஸ்தகத்திலாவது எழுதி வைப்பது மிகவும் நன்று. பின்னால் குறை நேரும்பொழுது ஒப்பிட்டுப் பார்க்க அதைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை.

உறிஞ்சு குழாயின் குறைகள்

யந்திரம் ஜலத்தை இழுப்பதாகச் சொல்வது உலக வழக்கு. உண்மையில் யந்திரம் குழாயினுள் வெற்றிடத்தை உண்டாக்க, வெளியேயுள்ள வாயுமண்டலத்தின் அழுத்தமே ஜலத்தை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தம் கடல் மட்டத்தில் 10.3 மீட்டர் ஜல உயரத்திற்குச் சமம். உராய்வு முதலிய நஷ்டங்கள் போக, நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டருக்கு மேல் உறிஞ்ச முயலுதல் கூடாது. எத்தனை குதிரைத்திறன் கொண்ட மோட்டாரானாலும் இவ்வரம்பைக் கடக்க முடியாது.

மேற்கூறிய தோட்டத்தில் வேனிற்காலத்தில் நீர்மட்டம் மேலும் 3 மீட்டர் இறங்கினால், உறிஞ்சும் உயரம் 8 மீட்டராகிவிடும். அப்பொழுது யந்திரம் பரல் உருள்வது போன்ற ஓசையிடும், அழுத்தமானி முள் நடுங்கும், இம்பெல்லர் அரித்துப்போகும். இதற்குப் பரிகாரம் பெரிய மோட்டாரன்று. கிணற்றுக்குள் ஒரு மேடை அமைத்து யந்திரத்தை 3 மீட்டர் கீழே இறக்குவதேயாகும். இதனால் ஜலத்தை ஏற்றவேண்டிய மொத்த உயரம் குறைவதில்லை. உறிஞ்சும் உயரம் மட்டுமே குறைகிறது. அதுவே இங்கு வேண்டியது. ஆழமான கிணறுகளுக்கு நீர்மூழ்கி மோட்டார் அமைத்துக்கொள்வது இன்னும் உத்தமம்.

உறிஞ்சு குழாயில் காற்றுப் புகுதல் இரண்டாவது குறை. ஜலம் கசியும் துவாரம் கண்ணுக்குத் தெரியும். காற்றை உள்ளிழுக்கும் துவாரமோ ஈரங்கூடக் காட்டாது. யந்திரம் ஓடும்பொழுது ஒவ்வொரு இணைப்பின் மேலும் சவுக்கார நுரையைத் தடவினால், துவாரமுள்ள இடத்தில் நுரை உள்ளே இழுக்கப்பட்டு மறையும். தண்டைச் சுற்றியுள்ள கிளாண்டில் ஜலம் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்க வேண்டும். சொட்டு விழவில்லையென்று மகிழ்ச்சியடைதல் கூடாது. அவ்விடத்தில் கயிறு வறண்டு காற்றுப் புகலாம், தண்டும் தேயலாம். தாரையாக ஒழுகினால் கயிற்றை மாற்ற வேண்டும்.

மூன்றாவது, புட் வால்வின் குறை. அதன் வலையில் இலை, பாசி, துணிக்கந்தல் முதலியவை அடைத்துக்கொண்டால் ஜலம் குறையும். அதன் தோல் அல்லது ரப்பர் தேய்ந்திருந்தால், நிறுத்திய சற்று நேரத்தில் குழாயிலுள்ள ஜலமெல்லாம் கிணற்றில் இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் ஜலம் ஊற்றி நிரப்ப வேண்டியிருப்பது இதற்கு அடையாளம். புட் வால்வு எப்பொழுதும் நீர்மட்டத்திற்குக் குறைந்தது 2 அடி கீழே இருத்தல் வேண்டும். இல்லாவிடில் நீர்ச்சுழி உண்டாகி அதன் நடுவே காற்று இறங்கும். கிணற்றின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் சேறும் மணலும் புகும்.

யந்திரமும் அதைச் சுழற்றும் சக்தியும்

சுழல் பம்பின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வெளியேறும் ஜலம் பத்தில் ஒரு பங்கு குறையும். அழுத்தமோ 100-க்கு 81 ஆகிவிடும். எண்ணெய் என்ஜினால் வார்ப்பட்டை மூலம் ஓடும் பம்புகளில் பட்டை தளர்ந்து வழுக்குவது இவ்விதக் குறைக்கு முக்கிய காரணம். பட்டை சூடேறுவதும் பளபளப்பதும் வழுக்குதலின் அறிகுறிகளாம்.

மின்சார மோட்டாரில் கவனிக்க வேண்டியது வேறு. மூன்று பேஸ் மோட்டாருக்கு இரண்டு கம்பிகளுக்கிடையே 415 வோல்ட் இருக்க வேண்டும். வோல்ட் மிகவும் தாழ்ந்தால் வேகம் சிறிதே குறையும். ஆனால் மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறி, நாளடைவில் எரிந்துபோகும். ஒரு பேஸ் விட்டுப்போன நிலையில் ஓடினால் எரிவது இன்னும் சீக்கிரம். இதைத் தடுக்கும் காப்புக் கருவியைப் பொருத்தாமல் மோட்டாரை ஓட்டுவது வேலியில்லாமல் பயிரிடுவதற்குச் சமம்.

பலர் அறியாத ஒரு விஷயம் உண்டு. மின்கம்பியைப் பழுது பார்த்தபின் இரண்டு பேஸ்கள் இடம் மாறியிருந்தால், மோட்டார் எதிர்ப்புறமாகச் சுழலும். அவ்வாறு சுழன்றாலும் சுழல் பம்பிலிருந்து ஜலம் வரும். ஆனால் அழுத்தம் மிகவும் குறைந்திருக்கும். ஜலம் வருவதைக் கண்டு, சுழற்சி சரியென்றே எண்ணி, காரணம் தெரியாமல் வாரக்கணக்கில் அல்லற்படுவோர் உளர். பம்பின் உடலில் அம்புக்குறி போட்டிருக்கும். மோட்டாரை ஒரு விநாடி ஓட்டி நிறுத்தி, அது நிற்குந்தறுவாயில் எப்புறம் சுழல்கிறதென்று பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ஏதேனும் இரண்டு கம்பிகளை மின்தொழிலாளியைக் கொண்டு மாற்றிவிட்டால், காசு செலவின்றியே குறை தீரும்.

இவை யாவும் சரியாயிருந்தும் அழுத்தமில்லாவிடில், பம்பைத் திறந்து இம்பெல்லரைப் பார்க்க வேண்டும். அதன் கண்களில் கல்லும் சுள்ளியும் சிக்கியிருக்கலாம். மணல் கலந்த ஜலத்தால் ஓரங்களும் தேய்மான வளையமும் தேய்ந்திருக்கலாம். வளையம் தேய்ந்தால், தள்ளப்பட்ட ஜலத்தில் ஒரு பாகம் உள்ளுக்குள்ளேயே திரும்பிச் சுற்றிக்கொண்டிருக்கும். வளையத்தை மாற்றுவதற்கு ஆகும் செலவு புதிய பம்பின் விலையில் ஒரு சிறு பாகமே.

ஆழ்துளைக் கிணறுகளிலுள்ள நீர்மூழ்கி பம்புக்கு உறிஞ்சும் உயரத்தைப் பற்றிய கவலையில்லை. ஆனால் நீர்மட்டம் இறங்கினால் ஏற்றவேண்டிய உயரம் கூடி அழுத்தம் குறையும். ஜலம் விட்டு விட்டுக் காற்றோடு வந்தால், ஊறுவதற்கு மேல் இறைக்கிறோமென்பது பொருள். அந்நிலையில் கேட் வால்வைச் சற்று அடைத்து, கிணறு ஊறும் அளவிற்கே இறைக்க வேண்டும். மணல் வந்தால் அடுக்கிலுள்ள இம்பெல்லர்கள் தேயும். இறங்கு குழாயின் இணைப்பில் ஓட்டை விழுந்தால் ஜலம் கிணற்றுக்குள்ளேயே சிந்தும். ஓடும்பொழுது குழாய்வாயில் காது வைத்துக் கேட்டால் ஜலம் விழும் ஓசையால் இதை அறியலாம்.

குழாய்களின் குறைகள்

பணத்தை மிச்சப்படுத்தக் கருதிச் சிறிய குழாயைப் போடுவதனால் நேரும் நஷ்டம் கொஞ்சமன்று. விநாடிக்கு 3 லிட்டர் ஜலம், உள்விட்டம் 50 மில்லிமீட்டர் உள்ள பிளாஸ்டிக் குழாயில் 100 மீட்டர் தூரம் சென்றால், உராய்வினால் மட்டும் ஏறக்குறைய 5 மீட்டர் அழுத்தம் கழிகிறது. அதே ஜலம் உள்விட்டம் 75 மில்லிமீட்டர் உள்ள குழாயில் சென்றால், கழிவது முக்கால் மீட்டருக்கும் குறைவு. மேலும், ஒரே குழாயில் இருமடங்கு ஜலத்தை விட்டால் உராய்வு ஏறக்குறைய நான்கு மடங்காகும். பெரிய மோட்டார் வாங்கியவர் ஏமாற்றமடைவதன் மர்மம் இதுதான். கூடுதலான சக்தியின் பெரும்பாகத்தைக் குழாயே தின்றுவிடுகிறது.

அழுத்தம் மிகுதியாக வீழ்ந்தால் குழாயில் வெடிப்பு உண்டாவென்று வழிநெடுகப் பார்க்க வேண்டும். காய்ந்த தரையில் ஓரிடத்தில் மட்டும் புல் பசுமையாயிருப்பது கசிவிற்கு நல்ல அடையாளம். குழாய் உடைந்து ஜலம் தடையின்றிப் பாயும்பொழுது மோட்டாருக்கு வேலை குறைவென்று எண்ணுதல் தவறு. சுழல் பம்பு அதிக ஜலத்தைத் தள்ளுவதால் பெரும்பாலும் மோட்டாரின் பாரம் கூடிச் சூடேறும்.

மலையடிவாரத்து நிலங்களில் குழாய் மேடேறிப் பள்ளமிறங்கிச் செல்லும். மேட்டின் உச்சியில் காற்றுத் தங்கி ஜலத்தின் வழியை நெருக்கும். அவ்வுச்சிகளில் காற்றுப்போக்கி வால்வு வைத்தால் இக்குறை தீரும்.

வடிகட்டியும் சொட்டுவானும்

சொட்டுநீர் அமைத்த தோட்டங்களில் முதலில் பார்க்க வேண்டியது வடிகட்டியையே. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளந்து, வித்தியாசம் அரைக் கிலோவை எட்டினால் உடனே கழுவ வேண்டும். மணல் வடிகட்டியானால் ஜலத்தை எதிர்ப்புறமாக விட்டுக் கழுவ வேண்டும். வலை கிழிந்திருந்தால் அழுத்தம் நன்றாயிருப்பதுபோலத் தோன்றும்; ஆனால் தூசி முழுவதும் சொட்டுவான்களுக்குப் போய்விடும்.

மணிக்கு 4 லிட்டர் தரும் சொட்டுவானின் கீழ் ஒரு பாத்திரத்தை 15 நிமிஷம் வைத்தால் 1 லிட்டர் சேர வேண்டும். யந்திரத்திற்கு அருகிலும் நடுவிலும் கடைசியிலும் இவ்வாறு அளந்து பார்க்க. எல்லாவிடத்தும் ஒன்றுபோலக் குறைந்திருந்தால் யந்திரத்திலோ வடிகட்டியிலோ குறை. கடைசியில் மட்டும் குறைந்திருந்தால் குழாயின் அளவிலோ, ஒரே வேளையில் திறந்த வால்வுகளின் எண்ணிக்கையிலோ குறை. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்திருந்தால் சொட்டுவான்களில் அடைப்பு. வாரத்திற்கொரு முறை பக்கக் குழாய்களின் கடைமுனைகளைத் திறந்து, தெளிந்த ஜலம் வரும்வரையில் விட்டுக் கழுவுதல் அவசியம்.

ஆரல்வாய்மொழிக் காற்று

கணவாயின் வழியாக ஆனி முதல் ஆவணி வரையில் வீசும் காற்றின் வேகத்தை அறிய முப்பந்தலிலுள்ள காற்றாலைகளே போதும். இக்காற்று மண்ணிலும் இலையிலுமுள்ள ஈரத்தை விரைவில் கொண்டுபோய்விடும். ஆகவே இம்மாதங்களில் அழுத்தம் சரியாயிருந்தும் செடி வாடுவதுண்டு. சொட்டுவானை அளந்து, அளவு சரியாயிருந்தால் யந்திரத்தைக் குற்றங்கூறாமல், ஜலம் விடும் நேரத்தைக் கூட்டுவதே முறை. காற்று வேகமாயிருக்கும் பகற்பொழுதில் தெளிப்பான்களை ஓட்டினால் ஜலம் அடுத்த விளைக்குப் போகும்; அதிகாலையிலோ, காற்று அடங்கிய வேளையிலோ ஓட்ட வேண்டும். செடிகளின் அடியில் வாழைச்சருகும் தென்னோலையும் பரப்பி மூடுவது ஈரத்தைக் காக்கும்.

எச்சரிக்கை

புட் வால்வைப் பார்க்கக் கிணற்றில் இறங்குமுன் மின்சாரத்தை நிறுத்தி, பியூஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்க. மோட்டாருக்கு நிலத்தொடர்புக் கம்பி இல்லாமல் ஓட்டுதல் கூடாது. கிணற்றினுள் எண்ணெய் என்ஜினை ஒருக்காலும் ஓட்டுதல் கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயுவிற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. விளக்கை இறக்கிப் பார்ப்பதனாலும் அதை அறிய முடியாது. மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்கிய மற்றவரும் மாண்டுபோவதே இவ்விபத்துக்களின் இயல்பு. தனியாக எவரும் கிணற்றில் இறங்குதல் தகாது.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனத்திற்கு

விவசாய மின்சாரத்திற்குக் கட்டணம் வசூலிக்கப்படாத தோட்டங்களில், யந்திரம் வீணாக ஓடும் மணிகள் எந்த ரசீதிலும் தெரிவதில்லை. ஆயினும் கிணற்று நீர் குறைவதும் மோட்டார் எரிவதும் ஊரார் தலையிலேயே விழுகின்றன. ஓர் ஊரில் பல மோட்டார்கள் ஒரே வேளையில் அழுத்தமிழந்தால், அது தனித்தனி யந்திரங்களின் குறையன்று. மின்வோல்ட்டையோ நிலத்தடி நீர்மட்டத்தையோ பற்றியதாகும். கிராம உத்தியோகஸ்தர்கள் சில பொதுக் கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் ஒரே நாளில் அளந்து குறித்து வருவார்களாயின், எது எனத் தெரிந்துகொள்ளலாம்.

சுருக்கம்

அழுத்தம் குறைந்தால் முதலில் வடிகட்டி; அடுத்துத் திறந்திருக்கும் வால்வுகள்; பின்பு கிணற்று நீர்மட்டமும் புட் வால்வும்; அதன்பின் உறிஞ்சு குழாயின் இணைப்புகளும் கிளாண்டும்; பின்னர் சுழலும் திசையும் மின்வோல்ட்டும்; அப்பால் குழாயின் கசிவும் விட்டமும்; கடைசியில் இம்பெல்லர். செலவில்லாதவற்றை முதலிலும் செலவுள்ளவற்றைப் பின்னரும் பார்ப்பதே இவ்வரிசையின் நோக்கம். இவையனைத்தையும் பார்த்த பின்னரும் குறை நீங்காவிடில் மட்டுமே புதிய யந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம். மோட்டாருக்கென்று கடன் வாங்கப் புறப்படுமுன், ஒரு நாட்காலையை இப்பரீட்சைகளில் செலவிடும் விவசாயி பணத்தையும் பயிரையும் ஒருங்கே காத்துக்கொள்வார்.